ஆர்ஏசி: ரயில் பயணச்சீட்டில் அதன் பொருளும் பயன்பாடும்

ஆர்ஏசி என்பது இந்திய ரயில்வேயின் முன்பதிவு முறையில், உறுதியான படுக்கைக்கும் காத்திருப்போர் பட்டியலுக்கும் இடையில் உள்ள நிலையைக் குறிக்கும் சொல். 'ரிசர்வேஷன் அகெய்ன்ஸ்ட் கேன்சலேஷன்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இது அமைந்தது. இந்தச் சீட்டு வைத்திருப்பவர் வண்டியில் ஏறலாம். உட்கார அவருக்கு இடம் உண்டு. இரவில் படுக்க முழுப் படுக்கை கிடைக்குமா என்பது மட்டும், வேறு யாராவது தம் பயணத்தை ரத்து செய்வதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகச் சீட்டு எடுத்தவர்கள் அனைவருக்கும் இச்சொல் பழக்கம்தான். ஆனால் பொருள் தெரிந்து பயன்படுத்துகிறவர்கள் குறைவு. ஆர்ஏசி சீட்டைக் காத்திருப்புச் சீட்டு என்று எண்ணிப் பயணத்தையே கைவிட்டவர்கள் உண்டு. காத்திருப்புச் சீட்டை ஆர்ஏசி போலக் கருதி வண்டியேறி, நடுவழியில் அபராதம் கட்டியவர்களும் உண்டு. மறுநாள் காலை தேர்வு எழுதவோ நேர்முகத் தேர்வுக்கோ போக வேண்டிய மாணவருக்கு இந்த இரண்டு தவறுகளுமே பெரிய இழப்பாகிவிடும்.

சொல்லின் பொருள்

குழப்பத்துக்கு ஒரு காரணம் அந்த ஆங்கிலத் தொடரிலேயே இருக்கிறது. 'அகெய்ன்ஸ்ட்' என்றால் 'எதிராக' என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். அப்படிப் பார்த்தால் 'ரத்துக்கு எதிரான முன்பதிவு' என்று வரும். அதில் பொருளே இல்லை. சிலர் இதை 'ரத்து செய்ய முடியாத சீட்டு' என்றும் புரிந்துகொள்கிறார்கள். அது முற்றிலும் தவறு. ஆர்ஏசி சீட்டையும் ரத்து செய்யலாம், பணமும் திரும்பக் கிடைக்கும்.

இங்கே அச்சொல்லுக்குப் பொருள் 'ஈடாக', 'கணக்கில் வைத்து' என்பது. கடைக்காரர் வர வேண்டிய சரக்கை நம்பி முன்பணம் வாங்கிக்கொள்வதைப் போன்றது இது. இனி ரத்தாகப் போகும் இடங்களை எதிர்பார்த்து, அவற்றின் கணக்கில் ரயில்வே இப்போதே ஒருவருக்கு முன்பதிவு தருகிறது. தமிழில் சொல்வதானால் 'ரத்தாகும் இடத்தின் பேரில் முன்பதிவு' எனலாம். நீளமாக இருப்பதால் அது வழக்கில் நிற்காது. மக்கள் ஆர்ஏசி என்றே சொல்கிறார்கள்; அதுவே போதும்.

இடம் எங்கே இருக்கிறது?

இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டியில், அதாவது ஸ்லீப்பர் கோச்சில், ஒவ்வொரு தடுப்பிலும் எட்டுப் படுக்கைகள். நடைபாதைக்கு ஒரு பக்கம் ஆறு: கீழ், நடு, மேல் என இரண்டு வரிசை. மறுபக்கம் ஜன்னலை ஒட்டி நீளவாக்கில் இரண்டு: சைடு லோயர், சைடு அப்பர். பழைய வகைப் பெட்டியில் 72 படுக்கைகளும், புதிய எல்எச்பி பெட்டியில் 80 படுக்கைகளும் உள்ளன. 7, 15, 23, 31 என எட்டு எட்டாகக் கூடிப்போகும் எண்கள் சைடு லோயர்.

ஆர்ஏசிக்கு ஒதுக்கப்படுவது இந்தச் சைடு லோயர்தான். பகலில் இது எதிரெதிரே பார்த்த இரண்டு தனி இருக்கைகளாக இருக்கும். சாய்மானங்களை மடித்துச் சாய்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரு படுக்கையாகிவிடும். எனவே ஒருவர் படுக்கும் இடத்தில் இருவரை உட்கார வைத்து அழைத்துப்போக முடிகிறது. ஆர்ஏசி என்ற ஏற்பாடு முழுவதும் இந்த மடக்கு இருக்கையின் மேல்தான் நிற்கிறது எனலாம். ஒரு பெட்டியில் உள்ள சைடு லோயர் எல்லாமே ஆர்ஏசிக்கு என்று எண்ணிவிடக் கூடாது. எத்தனை என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

குளிர்சாதனப் பெட்டிகளில் மூன்றடுக்கிலும் இரண்டடுக்கிலும் ஆர்ஏசி உண்டு. குளிர்சாதன முதல் வகுப்பில் இல்லை. அங்கே பக்கவாட்டுப் படுக்கையே கிடையாது. சேர் காரிலும் இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டியிலும் இல்லை. உட்காருவதற்கே விற்கப்படும் இருக்கையை இரண்டாகப் பிரிக்க வழியில்லை அல்லவா! அந்த வகுப்புகளில் இடம் தீர்ந்ததும் நேராகக் காத்திருப்புப் பட்டியல்தான்.

வரிசை நகரும் விதம்

ஒரு வண்டிக்கு முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள் முன்பு தொடங்குகிறது. 2024 நவம்பர் 1-க்கு முன் இது 120 நாளாக இருந்தது. முதலில் உறுதியான படுக்கைகள் விற்கப்படும். அவை தீர்ந்ததும் ஆர்ஏசி 1, ஆர்ஏசி 2 என்று வரிசை எண் வரத் தொடங்கும். ஆர்ஏசியும் நிரம்பியதும் காத்திருப்புப் பட்டியல் தொடங்கும். சீட்டில் அது டபிள்யூ.எல். என்று அச்சாகும்.

இப்போது உறுதியான படுக்கை வைத்திருந்த ஒருவர் பயணத்தை ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய படுக்கை ஆர்ஏசி 1-க்குப் போகும். ஆர்ஏசி வரிசையில் எல்லாரும் ஓர் எண் முன்னே வருவார்கள். கடைசியில் ஓர் உட்காரும் இடம் காலியாகும். அது காத்திருப்பு 1-க்குப் போகும். ஒரே ஒரு ரத்து இரண்டு வரிசைகளையும் ஒவ்வோர் எண் நகர்த்திவிடுகிறது.

ஆர்ஏசியில் இருக்கும் ஒருவர் ரத்து செய்தால், அவருக்குப் பின்னால் உள்ள ஆர்ஏசிக்காரர்களும் காத்திருப்போரும் நகர்வார்கள். முன்னால் உள்ளவர்களுக்குப் பயன் இல்லை. காத்திருப்பில் ஒருவர் ரத்து செய்தால் அவருக்குப் பின்னால் உள்ளவர்கள் மட்டும் நகர்வார்கள். 'பத்துப் பேர் ரத்து செய்தார்களாம், எனக்கு இரண்டு எண்தானே குறைந்தது' என்று வருந்துகிறவருக்கு விடை இதில் இருக்கிறது. மற்ற எட்டுப் பேரும் அவருக்குப் பின்னால் நின்றவர்கள்.

சீட்டு எடுக்கும்போது காட்டப்படும் நிலையும் பலரைக் குழப்புகிறது. 'ஜிஎன்டபிள்யூஎல் 45 / டபிள்யூஎல் 12' என்று திரையில் இருந்தால், முதல் எண் அந்தப் பட்டியலில் இதுவரை வழங்கப்பட்ட தொடர் எண். இரண்டாவது எண்தான் இப்போது உண்மையில் நிற்க வேண்டிய இடம். 45 என்பதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது 12.

எந்தக் காத்திருப்பு?

காத்திருப்பிலும் பல வகை. வண்டி புறப்படும் நிலையத்திலிருந்தோ அதற்கு அருகிலுள்ள நிலையங்களிலிருந்தோ நெடுந்தொலைவு போகிறவர்களுக்கான பொதுப் பட்டியல் ஜிஎன்டபிள்யூஎல். உறுதியாகும் வாய்ப்பு இதில்தான் அதிகம், ஏனென்றால் ரத்தாகும் இடங்களும் இந்த ஒதுக்கீட்டில்தான் அதிகம். வழியிலுள்ள முக்கிய ஊர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தால் அதற்கான பட்டியல் ஆர்எல்டபிள்யூஎல். இடையிலுள்ள பல சிறு நிலையங்கள் ஒரே ஒதுக்கீட்டைப் பங்கிட்டுக்கொண்டால் அது பிக்யூடபிள்யூஎல். இந்த இரண்டிலும் ஒதுக்கீடு சிறியது என்பதால், எண் 5 என்று இருந்தாலும் நம்பிக்கை வைக்க முடியாது. பொதுப் பட்டியலில் 30 நகர்ந்துவிடும் வண்டியில் இந்தப் பட்டியலின் 5 அப்படியே நிற்பது வழக்கமான காட்சி.

தட்கல் சீட்டுக்கான காத்திருப்பு டிக்யூடபிள்யூஎல். இது ஆர்ஏசி வழியாக நகர்வதில்லை. தட்கல் இடம் ரத்தானால் நேராக உறுதியாகும், இல்லையேல் இல்லை. இடம் பிரிக்கும்போது பொதுப் பட்டியலுக்கே முன்னுரிமை. தட்கல் காத்திருப்பை நம்பி ஒரு முக்கியமான பயணத்தைத் திட்டமிடுவது சரியல்ல என்பது பயணிகள் அனுபவத்தில் கண்ட உண்மை.

ஏறலாமா, கூடாதா?

இந்தச் சொல்லின் பயனே இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

ஆர்ஏசி என்றால் ஏறலாம். இணையத்தில் எடுத்ததானாலும் நிலையக் கவுண்டரில் எடுத்ததானாலும் ஒன்றே. சார்ட் எனப்படும் பயணிகள் பட்டியலில் பெயர், பெட்டி எண், இருக்கை எண் மூன்றும் வரும். 'எஸ்5, 23' என்று வந்தால் அந்தப் பெட்டியின் 23-ஆம் எண் சைடு லோயரில் பாதி அவருக்கு. மறுபாதிக்காரர் பெயரும் அதே எண்ணுடன் இருக்கும். இருவருக்கும் ஒரே எண் வந்துவிட்டதே, கணினித் தவறோ என்று திகைக்க வேண்டாம்.

காத்திருப்பு என்றால் நிலைமை வேறு. இணையத்தில் எடுத்த சீட்டில் உள்ள அனைவரும் சார்ட் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால், அந்தச் சீட்டு தானாகவே ரத்தாகிவிடும். எழுத்தர் கட்டணம் போக மீதிப் பணம் கட்டிய கணக்குக்கே திரும்பும். இணையச் சேவைக் கட்டணம் திரும்பாது. அந்தச் சீட்டுடன் வண்டியில் இருப்பவர் விதிப்படி சீட்டு இல்லாப் பயணி. கவுண்டரில் எடுத்த காத்திருப்புச் சீட்டு தானாக ரத்தாவதில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ ஏற அனுமதி இல்லை. 2025 மே மாதம் முதல் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். 'டிடிஆரிடம் பேசிக்கொள்ளலாம்' என்ற பழைய நம்பிக்கை இனி உதவாது.

ஒரே பி.என்.ஆர். எண்ணில் நான்கு பேர் எடுத்து, இருவருக்கு உறுதி, இருவருக்குக் காத்திருப்பு என்று வந்தால்? அந்தச் சீட்டு தானாக ரத்தாகாது. நால்வர் பெயரும் சார்ட்டில் இருக்கும். இருக்கும் இடத்தைப் பகிர்ந்துகொண்டு போகலாம். இருவரைப் பிரித்துவிட்டுப் போக மனமில்லை என்றால், வண்டி புறப்படும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்பு வரை நால்வர் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்யலாம். உறுதியான இருவருக்கும்கூட எழுத்தர் கட்டணம் மட்டுமே பிடிக்கப்படும். குடும்பமாகப் போகிறவர்களுக்குப் பெரிதும் உதவும் இந்த விதி பலருக்குத் தெரிவதில்லை. இணையச் சீட்டுக்கு சார்ட் தயாரான பின் இதை டிடிஆர் எனப்படும் வைப்புச்சீட்டு விண்ணப்பம் மூலம் கேட்க வேண்டும். பரிசோதகரையும் நம் ஊரில் டிடிஆர் என்றே சொல்வதால் இங்கேயும் ஒரு குழப்பம்!

சார்ட்டும் அதற்குப் பிறகும்

நெடுங்காலம் முதல் சார்ட், வண்டி புறப்பட 4 மணி நேரம் முன்பு தயாரானது. வேறு ஊரிலிருந்து ரயில் நிலையத்துக்கு வர வேண்டியவருக்கு அது போதாது. கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி மதுரைக்கு வந்து வண்டி பிடிக்கிறவர், தமக்கு இடம் உண்டா என்று தெரியாமலே புறப்பட வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் இதை 8 மணி நேரமாக மாற்றும் முறை அறிவிக்கப்பட்டது. பிற்பகல் 2 மணிக்கு முன் புறப்படும் வண்டிகளுக்கு முந்தைய நாள் இரவு 9 மணிக்கே சார்ட் என்றும் கூறப்பட்டது. இத்தகைய நேரங்கள் அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்கு முந்தைய நாளிலிருந்தே பி.என்.ஆர். நிலையைப் பார்த்துவருவது நல்லது. பத்து இலக்கம் கொண்ட அந்த எண்ணை வைத்து இணையத்திலோ 139 என்ற தொலைபேசி எண்ணிலோ நிலையை அறியலாம்.

சார்ட்டோடு எல்லாம் முடிவதில்லை. வண்டி புறப்படும் நேரத்தை ஒட்டி இரண்டாவது சார்ட் ஒன்று வரும். அதற்குப் பிறகும், படுக்கை வைத்திருப்பவர் தம் நிலையத்தில் ஏறாவிட்டால் அந்த இடம் காலிதான். பரிசோதகர் அதை முதலில் ஆர்ஏசிக்காரர்களுக்கு வரிசைப்படி கொடுக்க வேண்டும். முன்பு காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்த பரிசோதகர்கள் இப்போது பல வண்டிகளில் கைக்கருவி வைத்திருக்கிறார்கள். ஏறாதவர் இடத்தை அதில் பதிந்ததும், அடுத்த ஆர்ஏசி பயணிக்கு அது ஒதுக்கப்படுகிறது. முன்பெல்லாம் பரிசோதகர் பின்னாலேயே பெட்டி பெட்டியாக நடந்தவருக்குத்தான் படுக்கை கிடைத்தது. வாய் பேசத் தெரியாதவர், முதியவர், கைக்குழந்தையோடு வந்தவர் விடிய விடிய உட்கார்ந்தே வந்தார்கள். கருவி வந்ததில் உண்மையான நன்மை இதுதான்.

ஆகவே ஆர்ஏசி பயணி தம் இருக்கையிலேயே இருப்பது முக்கியம். நண்பர்கள் இருக்கும் வேறு பெட்டியில் அரட்டையில் இருந்தால், வந்த வாய்ப்பு கைநழுவலாம்.

பாதி இடம், முழுக் கட்டணம்

ஆர்ஏசிக்கும் உறுதியான படுக்கைக்கும் கட்டணம் ஒன்றே. சார்ட் வரை உறுதியாக வாய்ப்பிருப்பதால் முழுக் கட்டணம் வாங்குகிறோம் என்பது இம்முறைக்கான நியாயம். ஆனால் கடைசி வரை உறுதியாகாமல், சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை முகம் தெரியாத ஒருவரோடு கால் மடக்கி உட்கார்ந்து வந்தவருக்கும் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. இது முறையல்ல என்ற வாதம் வலுவானது; இக்கட்டுரையின் கருத்தும் அதுவே. பாதிப் படுக்கையில் பயணம் முடிந்தால் ஒரு பகுதியையாவது திருப்பித் தருவதற்குக் கணினிக் கணக்கில் பெரிய தடை எதுவும் இருக்க முடியாது.

குளிர்சாதனப் பெட்டியில் கட்டணத்திலேயே போர்வை, தலையணை, விரிப்பு ஆகியவற்றின் விலையும் சேர்ந்திருக்கிறது. எனவே ஆர்ஏசியில் இருவருக்கும் தனித்தனியாக அவை தரப்பட வேண்டும். ஒரே தொகுப்பைக் கொடுத்து 'பகிர்ந்துகொள்ளுங்கள்' என்றால் மறுத்துக் கேட்கலாம்.

ரத்து செய்வதில் மட்டும் ஆர்ஏசிக்காரருக்கு ஒரு வசதி. 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, உறுதியான படுக்கையை ரத்து செய்தால் புறப்பாடு நெருங்க நெருங்கக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கழிவு கூடும். குறித்த நேரம் தாண்டினால் எதுவுமே கிடைக்காது. ஆர்ஏசிக்கோ புறப்பட 30 நிமிடம் முன்பு வரை, ஆளுக்கு 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் மட்டும். இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நேற்று ஆர்ஏசியாக இருந்தது இன்று உறுதியாகிவிட்டால், அந்த நொடியிலிருந்து உறுதியான சீட்டுக்கான கழிவுதான். போவதா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இரவில் இருவர்

பெட்டிகளில் உறங்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. 2017-இல் இது இப்படி வரையறுக்கப்பட்டது. அந்த எட்டு மணி நேரம் ஒரே சைடு லோயரில் இருவர் எப்படி இருப்பது என்பதற்கு விதிப்புத்தகத்தைவிட வழக்கமே அதிகம் உதவுகிறது. சிலர் இருக்கையாகவே விட்டு எதிரெதிரே கால் நீட்டிக்கொள்கிறார்கள். சிலர் படுக்கையாக விரித்து, ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால்மாடு வருமாறு ஒருக்களித்துப் படுக்கிறார்கள். நள்ளிரவு வரை ஒருவர், பிறகு மற்றவர் என்று முறை வைத்துக்கொள்வோரும் உண்டு. பகலிலோ சைடு அப்பர்காரரும் கீழே உட்கார இறங்கிவருவார். இரண்டு இருக்கைக்கு மூன்று பேர். பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

தனியே பயணம் செய்யும் பெண்ணுக்கு அறிமுகம் இல்லாத ஆணோடு ஒரே படுக்கை என்று வந்தால் சங்கடம் உண்மையானது. அப்போது பரிசோதகரிடம் சொல்லி வேறொரு பெண் ஆர்ஏசி பயணியோடு இடம் மாற்றித் தருமாறு கேட்கலாம். வண்டியில் ஏறியதுமே கேட்டுவிடுவது நல்லது. விளக்கணைத்த பிறகு யாரையும் எழுப்பி இடம் மாற்றுவது கடினம்.

பேச்சு வழக்கில்

'ஆர்ஏசி கிடைச்சுது', 'ஆர்ஏசியில இருக்கு', 'ஆர்ஏசி வந்துட்டா போதும்' என்று பேச்சில் வரும். காத்திருப்புச் சீட்டு ஆர்ஏசிக்கு மாறுவதை 'வந்துட்டா' என்றும், ஆர்ஏசி உறுதியாவதை 'கன்ஃபார்ம் ஆயிடுச்சு' என்றும் சொல்வது வழக்கம். எழுத்தில் ஆர்ஏசி, ஆர்.ஏ.சி. இரண்டும் காணப்படுகின்றன. ரயிலுக்கு வெளியேயும் இச்சொல் கேலியாகப் புழங்குகிறது: வேலைக்கான பட்டியலில் பெயர் வந்தும் ஆணை வராதவர், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாத மாப்பிள்ளை, இவர்களெல்லாம் 'இன்னும் ஆர்ஏசிதான்'. உள்ளே வந்தாயிற்று, படுக்க இடமில்லை என்னும் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சொல் தமிழ்ப் பேச்சில் வேறு இல்லை.

விமானப் பயணத்தில் இதற்கு நேரான சொல் கிடையாது. விமான நிறுவனங்களும் சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில் இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டு விற்பதுண்டு. ஆனால் அதைச் சீட்டில் அச்சிட்டுச் சொல்வதில்லை. எல்லாரும் வந்துவிட்டால் யாரோ ஒருவர் வாயிலில் நிறுத்தப்படுகிறார். ரயில்வே அந்தக் கணக்கை வெளிப்படையாக எழுதி, வரிசை எண்ணும் போட்டு, ஏறிக்கொள்ளவும் விடுகிறது.